தோளில் இரண்டு தட்டு

எங்கள் வீட்டில் மணி கேட்டால் யாரும் மணி சொல்ல மாட்டார்கள். "ஏ ஷிப்ட் பஸ் போயாச்சு" என்பார் அம்மா. காலை ஆறு மணி வேலைக்கு ஆட்களைச் சுரங்கத்துக்கு ஏற்றிப்போகும் பஸ் போய்விட்டது, நீ இன்னும் படுத்துக்கிடக்கிறாய் என்று அர்த்தம். மதியம் இரண்டுக்கு பி ஷிப்ட், இரவு பத்துக்கு சி ஷிப்ட். இந்த மூன்றுக்கு நடுவில்தான் நெய்வேலியில் நாங்கள் சாப்பிட்டோம், படித்தோம், சண்டை போட்டோம். சி ஷிப்ட் முடித்து வந்த அப்பாக்கள் பகலில் தூங்குவார்கள் என்பதால் எங்கள் பிளாக்குப் பிள்ளைகள் சத்தமில்லாமல் கிரிக்கெட் விளையாடினோம். அவுட் என்பதைக்கூட விரலைத் தூக்கித்தான் காட்ட வேண்டும். கத்தினவன் அன்றைக்கு ஆட்டத்திலேயே கிடையாது.

இப்போது நான் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். அப்பா ரிட்டையர் ஆனதும் சுரங்கக் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்தாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று குடும்பங்கள் மாறிவிட்டன. வண்டியில் அந்தப் பக்கம் போனால் கை தானாக பிரேக்கைப் பிடிக்கிறது. அம்மா வைத்த கொய்யா மரம் இன்னும் இருக்கிறது. யாரோ ஒரு பெண் அதில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள். பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. எரிந்து என்ன செய்ய, மரமும் கம்பெனி மரம், மண்ணும் கம்பெனி மண். அப்பாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊர். எனக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டால் ஒரு பிளாக் நம்பர்தான் சொல்லத் தெரியும்.

நான் நர்ஸ். டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் ஐசியுவில் நின்றேன். நின்றேன் என்றால் நிஜமாகவே நின்றதுதான். முதுகு "போதும் தாயி" என்று சொன்ன பிறகு என்னை ஓ.பி.க்கு மாற்றிவிட்டார்கள். இப்போது உட்கார்ந்து பிரஷர் பார்க்கிறேன். வருகிறவர்கள் நடந்து வருகிறார்கள், பேசுகிறார்கள், கேட்டதற்கு மேலேயே பேசுகிறார்கள். ஐசியுவில் இந்தத் தொல்லை கிடையாது. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது என்று ஒருநாள் வீட்டில் சொன்னேன். "ஆமா, அங்க நீ மட்டும்தான பேசலாம்" என்றார் என் வீட்டுக்காரர். வாய் நீளம்தான் அவருக்கு. ஆனால் சொன்னது பொய்யில்லை.

நாங்கள் பேசிக்கொண்டேதான் வேலை செய்வோம். எட்டு பெட், ஜன்னல் கிடையாது, பகலும் டியூப்லைட், ராத்திரியும் டியூப்லைட். படுத்திருப்பவருக்கு எது எப்போது என்று தெரியாது. அதனால் நாங்கள்தான் சொல்ல வேண்டும். "ஐயா, விடிஞ்சிருச்சு. வெளிய மழை. இப்ப உங்களைத் திருப்பிப் படுக்க வைக்கப் போறேன்" என்று. அவருக்கு நினைவு இருக்கிறதோ இல்லையோ, காது கேட்கும் என்ற நம்பிக்கையில் வீட்டுக் குழம்பு வரைக்கும் சொல்வேன். பதினோரு மணிக்கு அட்டெண்டர் அம்மா கொண்டுவரும் டீயை, வெளியே போய் இரண்டு மடக்கில் குடித்துவிட்டு ஓடிவருவோம். இப்போது டீ ஆறும்வரை உட்கார்ந்து குடிக்கிறேன். அந்த ருசி வரவில்லை. அந்த ஐசியுவையும் மேல்மாடிக்கு மாற்றிக் கண்ணாடிக் கதவு போட்டுவிட்டார்கள். பழைய அறையில் இப்போது பைல் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பை. அதற்கு முன் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பா சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய மெஷினில் ஆபரேட்டர். ஒரு தெருவே எழுந்து நின்ற மாதிரி இருக்கும் அந்த மெஷின். அதை ஓட்டுகிறவன் அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து நிற்கும்வரை சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அவர் வராவிட்டால் உட்கார்ந்தவனுக்கு இன்னொரு ஷிப்ட். மெஷின் சத்தத்தில் வாயால் சொன்னால் கேட்காது. அதனால் வருகிற ரிலீவர் பின்னால் நின்று தோளில் இரண்டு தட்டு தட்டுவார். தட்டினால் "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ இறங்கு" என்று அர்த்தம். தட்டாமல் எவனும் எழுந்திருக்க மாட்டான்.

இந்தப் பழக்கம் அப்பாவோடு வீட்டுக்கும் வந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது நான் அடுப்பில் பால் காய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, கை கால் கழுவி, பின்னால் நின்று என் தோளில் இரண்டு தட்டு தட்டுவார். நான் ஓடிப் போய்விடுவேன். அவர் பாலைப் பார்த்துக்கொள்வார். ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். அதே அப்பா என் ஆண்டு விழாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நான் ஆடி முடித்து, மேடையைப் பிரிக்கும்போது வந்து நின்றார். "ரிலீவர் வரலம்மா" என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. உலகத்தில் என் டான்ஸைவிட மண் வெட்டுவது பெரிதா என்று எனக்கு ஆத்திரம்.

சரி, அந்தத் தப்பு நடந்த மூன்றாம் நம்பர் பெட்டுக்கு வருகிறேன்.

கம்மாபுரம் பக்கத்து ஆள். அறுபதைத் தாண்டியவர். நிமோனியா முற்றி, பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரி என்று எங்களிடம் தூக்கிவந்தார்கள். வாய் வழியாகக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தோம். ஆறாம் நாள் காலை டாக்டர் மயக்க மருந்தைக் குறைத்தார். நுரையீரல் தெளிந்து வருகிறது, இன்னும் ஒருநாள் போகட்டும், நாளைக்குக் குழாயை எடுத்துப் பார்க்கலாம் என்றார். "அதுக்குள்ள அவரே பிடுங்கிட்டா வம்பு. தொண்டை வீங்கியிருக்கு, மறுபடி போடறது சுலபமில்ல, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி பாஷையில் வம்பு என்றால் உயிர்.

மயக்கம் தெளியத் தெளிய மனுஷர் அமைதியாக இல்லை. கை போகிற இடமெல்லாம் குழாயை நோக்கித்தான் போயிற்று. வேறு வழியில்லாமல் மணிக்கட்டில் பஞ்சு வைத்துத் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டினோம். பத்து மணிக்கு அவர் மனைவியை உள்ளே விட்டோம். வந்ததும் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

"இன்னா சிஸ்டரு, மாட்ட கட்ற மாரி கட்டி வச்சிகினு கீறீங்க. இந்தக் கையாலதான ஊரையே தோண்டி எடுத்தாரு."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. கட்டாமல் விட்டு ஏதாவது ஆனால் இதே அம்மா என் தலைமுடியைப் பிடிப்பார். அப்படிச் சொல்ல வாயைத் திறந்தவள், கட்டிலில் இருந்த ஐயாவின் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். கட்டுக்குள்ளேயே அந்த வலது கை முன்னால் தள்ளுகிறது, பின்னால் இழுக்கிறது, நிற்கிறது, மறுபடி தள்ளுகிறது. வலிப்பு என்று நினைத்து இரண்டு தடவை டாக்டரைக் கூப்பிட்டிருந்தோம். வலிப்பு இல்லை. மெஷின் லீவரைத் தள்ளி இழுக்கிற கை. எங்கள் அப்பா தூக்கத்தில் இதையேதான் செய்வார்.

"மைன்ஸ்ல என்ன வேலைங்க இவருக்கு?"

"மெசின் ஓட்னாரு. நெலத்த எடுத்துகினு வேலை குடுத்தாங்க. எங்க கொல்லைய இவரே வெட்னாரு. ரெண்டு வருசமாச்சு ரிட்டேராயி."

அந்த அம்மா இதை, கத்தரிக்காய் கிலோ என்ன விலை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். அவர் வெளியே போனதும் நான் குனிந்து அந்த ஐயாவின் காதில் பேசினேன்.

"ஐயா, உங்க ரிலீவர் இன்னும் வரல. மெஷின் உங்க பொறுப்புலதான் இருக்கு. வந்தா தோள்ல ரெண்டு தட்டு தட்டுவாரு. அதுவரைக்கும் சீட்ட விட்டு எழுந்திரிக்கக் கூடாது."

கை நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஆறு நாளில் முதல் தடவையாக அந்தக் கண் ஒரு ஆளைப் பார்த்தது. பிறகு மெல்லத் தலையை ஆட்டினார். மானிட்டரில் நூற்று முப்பதில் ஓடிக்கொண்டிருந்த நாடி கண் முன்னால் இறங்கி வந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆள் பக்கத்திலேயே இருந்தால் அவிழ்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். முதலில் இடது கையை, அரை மணி கழித்து வலது கையை அவிழ்த்தேன். மனுஷர் அசையவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஷிப்ட்டில் இருக்கிற ஆபரேட்டராக, மதியம்வரை படுத்திருந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. டீ கொண்டுவந்த அட்டெண்டர் அம்மாவிடம் சொன்னேன், பக்கத்து பெட் சிஸ்டரிடம் சொன்னேன், லேபிலிருந்து ரத்தம் எடுக்க வந்தவரிடம்கூடச் சொன்னேன், எப்படி அடக்கினேன் பார்த்தாயா என்று. சொல்ல வேண்டிய ஒருத்தியிடம் மட்டும் சொல்லவில்லை.

மதியம் அடுத்த டியூட்டிக்கு வந்தவள் நாகர்கோவில் பக்கத்துப் பெண். சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, ஆனால் நல்ல வேலைக்காரி. நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைப்பதை நாங்கள் ஓவர் கொடுப்பது என்போம். அன்றைக்கு மூன்று மணிக்கு என் மகள் பள்ளியில் ரிப்போர்ட் கார்டு வாங்கப் போக வேண்டும். போன தடவையும் நான் போகவில்லை. அவசரத்தில் இருந்தாலும் ஓவர் முழுசாகத்தான் கொடுத்தேன். எந்த மருந்து எவ்வளவு ஓடுகிறது, சிறுநீர் எவ்வளவு, கடைசியாக எப்போது சளி உறிஞ்சினோம், எந்தப் பக்கம் திருப்பினோம். "கையை அவுத்தாச்சு. அமைதியா இருக்காரு. பக்கத்துலயே இரு" என்றேன். சார்ட்டில் எதற்கெல்லாம் கட்டம் இருந்ததோ அதெல்லாம் சொன்னேன். தோளுக்குக் கட்டம் இல்லை.

பையை எடுத்துக்கொண்டு கதவருகே செருப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் அவருக்கு நினைவு எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனாள். நாங்கள் எல்லோரும் எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் பார்த்தாள். தோளில் இரண்டு தட்டு.

"ஐயா, கண்ணத் தொறங்க பாப்போம்."

கண்ணைத் திறந்தார். கையைத் தூக்கினார். பிளாஸ்திரியோடு குழாயைப் பிடுங்கி நெஞ்சின் மேல் வைத்துவிட்டு, காலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கப் பார்த்தார். அவ்வளவு நிதானமாக. ஷிப்ட் முடிந்த ஆள் டிபன் பாக்ஸை எடுப்பது போல.

எல்லா அலாரமும் ஒன்றாகக் கத்தின. ஒரு காலில் செருப்போடு ஓடினேன். அவளும் நானும் அவரை நிமிர்த்திப் படுக்க வைத்து முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை அழுத்திப் பிடித்தோம். இருமினார், இரைத்தது, மூச்சு நிமிஷத்துக்கு முப்பத்தாறு ஓடியது. டாக்டர் வந்தார். மறுபடி குழாய் போடுவதற்கான தட்டைத் தலைமாட்டில் திறந்து வைக்கச் சொன்னார். எங்கள் டாக்டர் வேலை நடக்கும்போது கோபப்பட மாட்டார், அதை எடுத்து வைத்துக்கொள்வார். கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு அந்த நெஞ்சையே பார்த்தார்.

"ஆறு மணி வரைக்கும் தானா மூச்சு விட்டுட்டாருன்னா குழாய் வேண்டாம். விடலன்னா போட்டுத்தான் ஆகணும். குழாய் உள்ள போகுமான்னு தெரியல" என்றவர், அப்புறம் திரும்பி, "பக்கத்துல ஆள் இருந்துமா பிடுங்கினாரு?" என்றார்.

அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் சும்மா தட்டித்தான் கூப்பிட்டேன்க்கா, வேற ஒண்ணுமே செய்யல."

"அவ மேல தப்பில்ல சார்" என்றேன். காதில் சொன்னது, தோளில் தட்டினால் என்ன அர்த்தம் என்பது, அதைச் சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் எடுத்து வைத்திருந்த கோபத்தை முழுசாக என் மேல் கொட்டினார். "ஒன்பது மருந்தோட அளவ ஒப்பிக்கறீங்க, அவர நிறுத்தி வச்ச மருந்த சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டார். ரிப்போர்ட் புத்தகத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

என் டியூட்டி முடிந்துவிட்டது. வந்தவள் வந்துவிட்டாள். போயிருக்கலாம். அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அப்பா, மூணு மணிக்கு ஸ்கூலுக்கு நீங்க போறீங்களா? என்னால வர முடியல."

"ஏன், ரிலீவர் வரலியா?"

"வந்தாச்சுப்பா. ஆனா இறங்க முடியல."

"சரி, நான் போறேன். நீ பாரு" என்றார் அப்பா. அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த ஆண்டு விழாவுக்கு நான் போட்ட சண்டைக்கெல்லாம் அன்றைக்குத்தான் வெட்கப்பட்டேன்.

நாலு மணிக்கு அந்த ஐயாவின் மனைவி வந்தார். நானே வாசலுக்குப் போய்ச் சொன்னேன். மறைக்கவில்லை. நான் அவிழ்த்தேன், நான் சொல்லாமல் விட்டேன், குழாயை அவரே பிடுங்கிவிட்டார், ஆறு மணிவரை ஒன்றும் சொல்ல முடியாது. திட்டுவார் என்று நின்றேன். திட்டினார்.

"உன்ன நம்பித்தான வுட்டுட்டுப் போனேன். கட்டுனா கட்டுனபடியே வுட்டுருக்கலாம்ல."

"வுட்டுருக்கலாம்மா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரோடு உட்கார்ந்தார். பிறகு என்னிடம் என்று இல்லாமல் பேசினார். "தீவாளிக்குக் கூட ஆள் வரலன்னா எறங்க மாட்டாரு. கறி கொழம்ப வச்சிகினு நானும் புள்ளைங்களும் ஒக்காந்துகினு இருப்போம். அந்த ஆளு தோள தட்டுனாத்தான் எனக்குப் புருசன்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. நானும் அந்தத் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். டியூட்டியில் இருந்தால் அழக் கூடாது, எனக்குத்தான் டியூட்டி முடிந்துவிட்டதே.

உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நின்றேன். அந்தப் பெண் வேலையைப் பார்த்தாள், நான் மூச்சை எண்ணினேன். முப்பத்தி நாலு. முப்பத்தி ஒன்று. மறுபடி முப்பத்தி மூன்று. தட்டில் குழாய் பிரிக்காமல் இருந்தது, அதைப் பார்க்காமல் இருக்கக் கழுத்தைத் திருப்பியே வைத்திருந்தேன். ஐயாவுக்கு வெளியே வெயில் குறைந்துவிட்டது என்று சொன்னேன். பி ஷிப்ட்காரர்கள் டீ குடிக்கிற நேரம் என்று சொன்னேன். மெஷினைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. ஐந்தரைக்கு இருபத்தி ஆறு. அதற்குப் பிறகு ஏறவில்லை.

ஆறு மணிக்கு டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். தட்டை மூடச் சொன்னார். என்னைப் பார்த்து, "நீங்க இன்னும் போகலியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த பெட்டுக்குப் போனார்.

அந்தச் சத்தத்தில் ஐயா கண் விழித்தார். மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. குனிந்து மாஸ்க்கை லேசாகத் தூக்கினேன். குரல் தகரத்தில் ஆணி கிழிப்பது போல வந்தது.

"காத்தாலேர்ந்து நின்னுகினே கீறியே. ஒன் ரிலீவரு வரலியாம்மா?"

வரவில்லை என்று தலையை ஆட்டினேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த வலது கையை மெதுவாகத் தூக்கினார். என் தோள் எட்டவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த என் மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டினார்.

"நான் பாத்துக்கறேன். நீ வூட்டுக்குப் போ."

நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.